ஐந்து மணிப் பீடி

1

நேற்றிலிருந்து ஒரு சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'சரக்' என்று ஒரு சின்னச் சத்தம். கேசட்டில் என் மாமியார் பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் தூரத்தில் இரண்டு வயசாளிகள் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டைக்கு நடுவில் அது வருகிறது. அது தீக்குச்சி உரசும் சத்தம் என்றால் நானும் என் மகனும் ஊருக்குப் போய் இருக்க முடியாது. இல்லையென்றால் போகலாம். இவ்வளவுதான் விஷயம். இதற்காகத்தான் நேற்று மத்தியானம் சோறு அடிப்பிடித்தது.

ஊரிலிருந்து கடிதம் வருவது எங்களுக்குக் குறைவு. கேசட்தான் வரும். மாமிக்கு எழுத நேரம் இல்லை, பேச நேரம் உண்டு. பாறசாலையைச் சுற்றிலும் இப்போது பாதி வீடுகளில் இப்படித்தான். பாட்டுக் கேட்க என்று கல்ஃபுக்காரன் வாங்கிவந்த டேப் ரிக்கார்டர், யார் வீட்டு மாடு கன்று போட்டது, யார் மகள் யாரோடு பேசினாள் என்று கடல் தாண்டிச் சொல்லும் வேலையைப் பார்க்கிறது. இந்தக் கேசட்டை லீவு முடிந்து திரும்பிய, பக்கத்துக் காரோடு ஊர்க்காரர் ஒருவர் கொண்டுவந்தார். மரச்சீனிக் கிழங்கு வற்றலுக்கும் மாங்காய் ஊறுகாய்க்கும் நடுவில், எண்ணெய் படாமல் துணியில் சுற்றியிருந்தது.

இந்த முறை மட்டும் நான் ஒன்று கேட்டிருந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு, மதிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், மாமி. ஏன் என்று மாமி கேட்கவில்லை. கேட்டிருந்தால் மகன் பினுவுக்குக் குயில் சத்தம் கேட்க ஆசை என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

பினுவுக்குக் குயிலைப் பற்றிக் கவலை இல்லை. அவனுக்கு நாலு வயது. ஷார்ஜாவில் பிறந்தவன். கீழ்வீட்டுப் பாகிஸ்தானிப் பிள்ளைகளோடு ஹிந்தியில் சண்டை போடுவான், எங்களோடு மலையாளமும் தமிழும் கலந்து சமாதானம் பேசுவான், அவசரம் என்றால் அரபியில் 'யல்லா' என்பான். அவனுக்கு இழுப்பு உண்டு. குளிர்காலம் வந்தால் அவன் நெஞ்சுக்குள்ளிருந்து விசில் கேட்கும்.

கிளினிக்கில் இருக்கும் எகிப்திய டாக்டரம்மா அவன் முதுகில் குழாயை வைத்துக் கேட்டாள். பிறகு குனிந்து என் சேலைத் தலைப்பை மோந்து பார்த்தாள். "வீட்டில் யார் புகைப்பது?" என்றாள். என் கணவர் சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தை ரொம்ப அக்கறையாகப் படித்தார். "அது இருக்கும் வீட்டில் இந்தப் பிள்ளை இருக்கக் கூடாது" என்று டாக்டரம்மா சுவரைப் பார்த்தே சொன்னாள். அன்று முதல் இவர் மாடிப்படியில் போய்க் 'காற்று வாங்குகிறார்'. எங்கள் கட்டடத்து மாடிப்படியில் ஜன்னல் கிடையாது.

இப்போது இவருடைய கம்பெனி, குடும்பங்களுக்குக் கொடுத்த வீடுகளைத் திரும்பக் கேட்கிறது. இவர் மற்ற ஆண்களோடு தொழிலாளர் முகாமுக்குப் போவார். ஊரில் பள்ளி திறப்பதற்குள் நானும் பினுவும் மாமா வீட்டுக்குப் போக வேண்டும். மாமா என்றால் என் மாமனார், பெயர் ஞானமுத்து. அவர் தினமும் ஒரு பீடி வலிப்பார். எங்கள் பக்கத்தில் பீடியைக் குடிப்பதில்லை, வலிப்பதுதான். அந்த ஒரு பீடி என்னை எவ்வளவு பாடு படுத்தியது என்று சொன்னால்தான் இந்தச் சத்தத்தின் கனம் உங்களுக்குப் புரியும்.

2

ஒரு பீடிதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் ஊரில் புகை என்ன புதிதா? கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சிகரெட் தட்டு. சாவு வீட்டில் அழுதுவிட்டு வெளியே வருகிறவருக்கு முதலில் நீட்டுவது பீடி. பினுவின் ஞானஸ்நானத்துக்குக்கூட உபதேசியாருக்குத் தெரியாமல் பந்தலுக்குப் பின்னால் ஒரு தட்டு ஓடியது.

அதற்கு மேல் கல்ஃப் வந்து சேர்ந்தது. இவர் முதல் லீவுக்குப் போனபோது பெட்டியில் எனக்கு ஒரு சேலை, மற்ற இடமெல்லாம் வெளிநாட்டுச் சிகரெட். பார்க்க வருகிற ஆணுக்கெல்லாம் கொடுத்தாக வேண்டும். தூரத்துச் சொந்தத்துக்கு ஒற்றைச் சிகரெட், கிட்டத்துச் சொந்தத்துக்கு ஒரு பாக்கெட், பெண் கொடுத்த வீட்டுக்கு முழுப் பெட்டி. மரியாதையை இப்படி அளந்து கொடுக்கும் வசதி வேறெந்தப் பொருளிலும் இல்லை. வாங்கியவர்கள் மெல்லிய நைலான் சட்டைப் பையில் பாக்கெட் தெரியும்படி வைத்துக்கொண்டு பாறசாலைச் சந்தைக்குப் போவார்கள். உள்ளே தீர்ந்துபோனால் பீடியை அடைத்து வைப்பார்கள்.

மாமியின் அண்ணனும் அப்படி ஒரு காலிப் பாக்கெட்டைக் கடைசிவரை சட்டைப்பையில் வைத்திருந்தார். தொண்டையில் கட்டி என்று திருவனந்தபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதும் அது பையில் இருந்தது. அங்கிருந்து திரும்பி வந்தவருக்குக் குரல் இல்லை. பிறகு அவரும் இல்லை. அந்தச் சாவு வீட்டிலும் பீடித் தட்டு வந்தது. நான் பார்த்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. நான் பெருங்கடவிளையில் பிறந்து கல்லூரி வரை படித்தவள். ஆனாலும் மாமனாரைப் பார்த்து 'பீடியை அணையுங்கள்' என்று சொல்ல எந்த வகுப்பிலும் கற்றுக்கொடுக்கவில்லை. அதனால் போன வருடம் மாமா விசிட் விசாவில் இங்கே வருகிறார் என்றதும் எனக்குத் தூக்கம் போயிற்று. ஒரே அறை. ஏ.சி. ஓடும்போது ஜன்னலைத் திறக்க முடியாது. எங்கே உட்கார்ந்து வலிப்பார்? எப்படித் தடுப்பேன்? வாசலில் 'இங்கே சுவாசக் கோளாறுள்ள குழந்தை உண்டு' என்று எழுதி ஒட்டலாமா என்றுகூட யோசித்தேன். மாமாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே நேரமாகும், அதற்குள் பீடி தீர்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

விமான நிலையத்தில் மாமாவின் பெட்டியைத் திறந்த சுங்க இளைஞர் பலாச்சுளை வற்றலை விட்டுவிட்டுப் பீடிக் கட்டுகளைக் கையில் எடுத்தார். காய்ந்த இலை, நூல் கட்டு. மோந்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவரும் மோந்தார். மாமா அதை எங்களுக்கு இப்படிச் சொன்னார்:

"ஒண்ணை எடுத்துக் கோழியப் பிரிக்கிய மாதிரி பிரிச்சுப் பாத்தாரு. பெறவு எனக்க மொகத்தப் பாத்தாரு. நான் ஒண்ணை வாயில வச்சு இருமிக் காட்டினேன். ஓ, இது வெறும் சாவுதானான்னு நெனச்சு விட்டுட்டாரு போல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டுகள் எல்லாம் உள்ளே வந்துவிட்டனவே.

பிறகு நடந்ததுதான் அதிசயம். மாமா ஷார்ஜாவில் இருந்த இரண்டு மாதத்தில் ஒரு பீடி கூடத் தொடவில்லை. கட்டுகள் பெட்டிக்குள் அப்படியே கிடந்தன. ஐந்து மணி வந்தால் மட்டும் பால்கனியில் போய் நின்று எதிர்க் கட்டடத்தைப் பார்ப்பார். எதிர்க் கட்டடத்தில் துணிகள் காய்ந்தன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "மோளே, சாயா உண்டா?" என்பார். அவ்வளவுதான்.

என் பெருமையை என்ன சொல்ல. நான் கொடுத்த சுக்குக் காப்பிதான் காரணம் என்றும், அதற்கு மேல் என் ஜெபம் காரணம் என்றும், மாமிக்கான கேசட்டில் ஒரு பக்கம் முழுவதும் பேசி அனுப்பினேன். மாமியின் பதில் கேசட்டில் இதற்கு வார்த்தை இல்லை, சிரிப்பு மட்டும் இருந்தது. சிரித்து முடித்து, வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, மாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். நாடா இழுத்து நடுவில் பேச்சு விட்டுப்போயிற்று என்று நினைத்தேன்.

3

லீவுக்கு எல்லோரும் சேர்ந்தே போனோம். திருவனந்தபுரத்திலிருந்து டாக்சியில் நெய்யாற்றின்கரை தாண்டியதும் மாமா டிரைவரின் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்க்கத் தொடங்கினார். பாறசாலை தாண்டியதும் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். எங்கள் வீட்டுக்குத் திரும்பும் மண்பாதையில், வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால், பெரிய வீட்டு மதில் தொடங்கும் இடத்தில், "எலே, நிறுத்து" என்றார்.

நிறுத்தினான். மாமா இறங்கினார். ஷார்ஜாவில் வாங்கிய புதுச் சட்டை, புது வேட்டி. மதிலுக்கு எதிரில் போய் நின்று, மடியிலிருந்து பீடியை எடுத்து, கொளுத்தி, புகையை மதிலுக்கு மேல் ஊதினார். மதிலுக்கு அந்தப் பக்கம், நாற்காலியில், சாதிப் பெயராலேயே 'பிள்ளை' என்று ஊர் கூப்பிடும் பெரிய வீட்டு வயசாளி உட்கார்ந்திருந்தார். அவரும் சுருட்டைப் பற்றவைத்து ஊதினார். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு புகையும் மதிலுக்கு மேல் சந்தித்துக்கொண்டன. பினு டாக்சியிலிருந்து குதித்து ஓடிப்போய்ப் பாட்டாவின் காலைக் கட்டிக்கொண்டான். ஊரில் தாத்தாவை அவன் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அன்று இரவு சோறு போடும்போது நான் கேட்டே விட்டேன். மாமாவிடம் அல்ல, மாமியிடம், மாமாவின் காதில் விழும்படி.

"அங்க ரெண்டு மாசமும் தொடவே இல்லையே, மாமி?"

மாமா சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னார். "அங்க ஆரைக் காட்டி வலிக்க?"

மறுநாள் கிணற்றடியில் மாமி மிச்சத்தைச் சொன்னார். "ஒனக்க மாமாவுக்க வலது உள்ளங்கையப் பாத்திருக்கியா?"

பார்த்திருக்கிறேன். நடுவில் ஒரு வட்டத் தழும்பு. கருப்பட்டி காய்ச்சும்போது சூடு பட்டது என்று நினைத்திருந்தேன்.

அப்போது மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெரிய வீட்டு நிலத்தில்தான் குடிசை, பெரிய வீட்டு வயலில்தான் வேலை. பிள்ளை எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு வர வேண்டும், வாயில் இருக்கும் பீடி வாயில் இருக்கக் கூடாது. ஒருநாள் இதே மதிலோரத்தில் மாமா பீடி வலித்துக்கொண்டு போகும்போது பிள்ளை வளைவில் திரும்பி எதிரே வந்துவிட்டார். கீழே போட்டால் கண்ணில் படும். மாமா எரிகிற பீடியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"அவரு நின்னு வேலி கெட்டுகத பத்திப் பேசினாராம். வாழைக்கன்னு பத்திப் பேசினாராம். மழை பத்திப் பேசினாராம்."

"பிள்ளைக்குத் தெரியாதா, மாமி?"

"வெரலிடுக்கு வழியே பொகை வந்துதே, மோளே. தெரிஞ்சதுனால ஆக்கும் அவ்வளவு நேரம் பேசினாரு."

அன்றோடு மாமா பீடியை விட்டுவிட்டார். பிறகு நிலச் சட்டம் வந்தது. குடிசை இருந்த நிலமும் உழுத வயலும் மாமாவின் பெயருக்குப் பட்டயமாக வந்தன. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, பிள்ளை காற்று வாங்க நாற்காலியில் உட்காரும் நேரம் பார்த்து, மாமா மதிலுக்கு எதிரில் நின்று ஒரு பீடி வலித்தார். பழக்கம் விட்டுப்போயிருந்ததால் இருமலில் கண்ணீர் வந்ததாம். ஆனாலும் கடைசிவரை வலித்தார். அதுவரை வீட்டுக்குள்ளேயே சுருட்டுப் பிடித்த பிள்ளை, மறுநாள் நாற்காலியை மதிலுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டு, சுருட்டோடு உட்கார்ந்தார். நிலம்தான் போயிற்று, நான் போகவில்லை என்பதுபோல.

அன்று தொடங்கியது. மழை பெய்தால் இரண்டு பேரும் குடையோடு வருவார்களாம். தேர்தல் வந்தது, போனது. என் கணவர் கல்ஃபுக்கு வந்தார், எங்கள் வீடு ஓட்டிலிருந்து கான்கிரீட் ஆனது. ஐந்து மணிப் பீடியும் சுருட்டும் மட்டும் மாறவில்லை. எங்கள் பாதையில் இருக்கும் பெண்கள் இவர்களைப் பார்த்துத்தான் மாட்டுக்குத் தண்ணீர் வைப்பார்கள்.

நான் சுக்குக் காப்பி கொடுத்தது எதற்கு என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எந்த டாக்டரிடம் போய் இந்த வியாதிக்கு மருந்து கேட்பது? மாமாவின் அந்த நிற்பைப் பார்த்த பிறகு அணையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஏனென்றால் தினமும் ஐந்து மணிக்குப் பினு பாட்டாவின் இடுப்பில் ஏறிக்கொண்டான். அந்தப் பக்கத்துச் சுருட்டுக்கும் இந்தப் பக்கத்துப் பீடிக்கும் நடுவில் அவன் மூக்கு இருந்தது.

இடையில் ஒரு விஷயம். இதை எழுதும்போது இவர் படியிலிருந்து காற்று வாங்கிவிட்டு வந்து, "இன்னும் அந்தச் சத்தமா? அது ஓலை விழுந்தது" என்றார். ஓலை 'சரக்' என்று விழாது, 'தொப்'பென்று விழும். நாடாவைப் பின்னால் ஓட்டி இன்னொரு முறை கேட்டேன்.

4

லீவின் மூன்றாம் வாரம் அது நடந்தது. மதிலோரத்தில் பினு இருமத் தொடங்கினான். நான் ஓடிப்போவதற்குள் உதடு நீலமாக இருந்தது. அவன் நெஞ்சு உள்ளே இழுத்து இழுத்துப் போயிற்று, காற்று மட்டும் போகவில்லை. மாமா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கே ஓடுவது என்று தெரியாமல் அதே இடத்தில் சுற்றினார்.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிவகாமி டீச்சரின் குரல் கேட்டது. பிள்ளையின் மகள், பள்ளியில் கணக்கு டீச்சர். "வண்டியில ஏறுங்க எல்லாரும்."

பெரிய வீட்டில் ஒரு பழைய கார் உண்டு. தள்ளிவிட்டால் ஓடும். அன்று அதைத் தள்ளியது பெரிய வீட்டுப் பிள்ளை. தள்ளிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு அவரும் முன்னால் ஏறி உட்கார்ந்தார். பின்னால் பினுவோடு மாமாவும் நானும். மாமா அந்தக் காருக்குள் ஏறியது அதுதான் முதல் முறை. அவர் காதில் பாதிப் பீடி சொருகியிருந்தது. பிள்ளையின் விரலில் அணைந்த சுருட்டு. வண்டி ஓட்டிய டீச்சர் பாறசாலை போகும் வழியில் நின்ற ஒரு ஆட்டைத் திட்டினாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூச்சு திரும்பி, பினு என் மடியில் கண்ணைத் திறந்த பிறகு, இளம் டாக்டர் ஒருவர் எங்கள் எல்லோரையும் வரிசையாகப் பார்த்தார். "வீட்டில் ஆரா வலிக்குந்நது?" என்றார்.

மாமா பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை மாமாவைப் பார்த்தார். அத்தனை வருடத்துக்குப் பிறகு அவர்கள் நடுவில் மதில் இல்லாமல் முகத்துக்கு முகம் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், அடுத்தவரை நோக்கிக் கையை நீட்டினார்கள்.

டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

5

வெளியே வேப்பமரத்தடியில் நானும் சிவகாமி டீச்சரும் பேசினோம். அவளுக்கும் இதே கதைதான். அப்பாவுக்கு நெஞ்சில் அடைப்பு, சுருட்டை விட்டே ஆக வேண்டும் என்று திருவனந்தபுரத்தில் சொல்லி மாதங்கள் ஆகின்றன. "விட்டா அவனுக்குத் தோத்ததாயிடுமேன்னு சொல்லியாரு. அவன் முதல்ல விடட்டும்னு சொல்லியாரு" என்றாள்.

நான் வீட்டுக்குப் போய், ஆயிரம் முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, மாமாவிடம் கேட்டேன். பீடியை விடமுடியுமா என்று கேட்கவில்லை. அந்தப் பக்கம் விட்டால் இந்தப் பக்கம் விடுவீர்களா என்று கேட்டேன்.

மாமா பினுவைப் பார்த்தார். பினு தூங்கிக்கொண்டிருந்தான். நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியது. "அவரு முதல்ல விடட்டு" என்றார்.

ஆக, இரண்டு பேருக்கும் விட விருப்பம்தான். முதலில் விட மட்டும் இரண்டு பேருக்கும் முடியாது. படித்த பெண்கள் இரண்டு பேர் மூன்று நாள் மதிலுக்கு இரண்டு பக்கமும் நடந்தோம். டீச்சர் வீட்டுக் கோயில் தீபாராதனையைச் சாட்சி வைக்கலாம் என்றாள். மாமா, எங்கள் சர்ச் மணியும் அடிக்க வேண்டும் என்றார். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது என்று தெரிந்துதான் சொன்னார். கடைசியில் டீச்சருக்குப் பொறுமை போய், வகுப்பில் செய்வதையே செய்தாள்.

நாங்கள் ஷார்ஜாவுக்குப் புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம், ஐந்து மணி. மாமா இந்தப் பக்கம், பிள்ளை அந்தப் பக்கம். "நான் மூணு சொன்னதும் கையில இருக்கியதை ரெண்டு பேரும் மதில் மேல வைக்கணும்" என்றாள் டீச்சர். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

வைத்தார்கள். மதில் மேல் மாமாவின் ஒற்றைப் பீடி. பக்கத்தில் பிள்ளையின் சுருட்டுத் துண்டு, ஏற்கெனவே பிடித்துப் போட்டது.

"அப்பா" என்றாள் டீச்சர்.

"மாமா" என்றேன் நான். அவர் மடியில் கட்டு இருந்தது எனக்குத் தெரியும்.

மாமா மடியை அவிழ்த்துக் கட்டை எடுத்து மதில் மேல் வைத்தார். தீப்பெட்டியையும் வைத்தார். வேறு ஒன்றும் மிச்சமில்லை என்று காட்ட இரண்டு கையையும் பிள்ளைக்கு முன்னால் விரித்தார். வலது உள்ளங்கையில் அந்த வட்டத் தழும்பு.

பிள்ளை அதைப் பார்த்தார். மாமாவும் அவர் பார்ப்பதைப் பார்த்தார், கையை மூடவில்லை. மன்னிப்பு என்றோ வருத்தம் என்றோ யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் வழக்கம் எங்கள் பாதையில் இல்லை. பிள்ளை நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து மதில் மேல் வைத்தார். பிறகு இடுப்பிலிருந்து இன்னொன்று. பிறகு, டீச்சர் முறைத்ததும், சட்டைக்குள்ளிருந்து மூன்றாவது.

டீச்சர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனாள். மதிலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர், வெறும் கையோடு. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மாமா பின்னால் கட்டினார், அவிழ்த்தார். பிள்ளை நாற்காலிக் கைப்பிடியைத் தட்டினார். வாயும் சும்மா இருந்தது. இத்தனை வருடம் புகையால் அடைத்து வைத்திருந்த வாய்கள்.

பிள்ளைதான் முதலில் திறந்தார். "ஒனக்க தென்னை எனக்க மதிலுக்கு மேல சாயுது."

மாமா நிமிர்ந்து தென்னையைப் பார்த்தார். "தென்னை எனக்க பட்டயத்துல உண்டு. அது சாயுத ஆகாசத்துக்கு ஆருக்கும் பட்டயம் இல்லை."

"தேங்காய் எனக்க தலையில விழுமே."

"நாற்காலிய நகத்திப் போடணும். நாற்காலி நகத்த உங்களுக்குப் பழக்கம் உண்டே."

நான் பினுவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். சண்டை விளக்கு வைக்கும்வரை நடந்தது. மாமி வாசலில் உட்கார்ந்து, வாயில் வெற்றிலையும் அதற்குள் ஒரு துண்டுப் புகையிலையுமாக, ரொம்ப சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமியின் வெற்றிலைக்கும் ஒருநாள் ஒரு டீச்சர் தேவைப்படும். அதை நினைத்தால் இப்போதே தலை வலிக்கிறது.

6

இனி அந்தச் சத்தம்.

கேசட்டில் மாமி மாட்டைப் பற்றிப் பேசுகிறார். பின்னால் தென்னைச் சண்டை நன்றாகவே கேட்கிறது. அதில் எனக்கு நிம்மதி. ஆனால் சண்டைக்கு நடுவில் ஒரு சின்ன மௌனம். மௌனத்தில் 'சரக்'. பிறகு மறுபடி சண்டை. எதற்கு அந்த மௌனம்? ஒருவன் பீடி கொளுத்தும்போது பேச்சை நிறுத்துவானே. ஆனால் 'சரக்'குக்குப் பின்னால் இருமல் இல்லை. இருமல் இல்லாததால் பீடி இல்லை என்று ஆகுமா, அல்லது மாமி ஒலிவாங்கியைக் கையால் மூடினாரா? நான் சொல்லித்தானே மதில் பக்கம் உட்கார்ந்தார்? அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்து நடிக்கிறார்களோ? மாமனாரை வேவு பார்க்கும் மருமகள் என்று பாதை முழுவதும் பேசுவார்களோ?

இன்று சாயங்காலமும் அதே இடத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். பினுவுக்குச் சலித்துவிட்டது. "ஹலாஸ், அம்மே, போதும்" என்று சொல்லி, பட்டனை அமுக்கி, கேசட்டை வெளியே எடுத்து, திருப்பிப் போட்டான்.

மறுபக்கத்தை நான் போட்டுப் பார்த்ததே இல்லை. மாமியின் கேசட்டில் மறுபக்கம் எப்போதும் கிறிஸ்துமஸ் பாட்டுதான், அதை அழிக்க மாமிக்கு மனம் வராது. ஒரு வரி பாட்டு வந்தது. பிறகு பாட்டு அறுந்து, யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"மக்களே பினு, பாட்டாவாக்கும் பேசுகது."

பினு டேப் ரிக்கார்டருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"ஒனக்க அம்ம இந்நேரம் அந்தப் பக்கத்தை முன்னயும் பின்னயும் ஓட்டி நாடா தேஞ்சிருக்கும். மதில் பக்கம் இருந்து பேசணும்னு சொன்ன அன்னைக்கே தெரியும். அம்மைய விளி."

நான் ஏற்கெனவே அங்கேதான் இருந்தேன். படியிலிருந்து வந்த இவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மோளே, நீ கேட்டது இதாக்கும்." 'சரக்'. அதே சத்தம், இந்த முறை காதோரத்தில். "கப்பலண்டி. டீச்சரு தினமும் பொட்டலம் கெட்டித் தாறா. எனக்கும் உண்டு, அவருக்கும் உண்டு. சண்டைக்கு எடையில ஒண்ணு ஒடச்சு வாயில போடுவோம். சும்மா இருக்க ஒக்காது பாரு."

எங்கள் பக்கம் நிலக்கடலைக்குக் கப்பலண்டி என்றுதான் பெயர். கடலை ஓடு உடையும் சத்தம். நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"நம்பமாட்ட. எனக்குத் தெரியும். ஒத்துப் பாக்க இதையும் கேளு. இது தீக்குச்சி." 'சர்ர்ர்' என்று நீளமாக ஒரு உரசல், கடைசியில் ஒரு சின்னச் சீறல். இரண்டுக்கும் ஒற்றுமையே இல்லை. "ரெண்டும் கேட்டாச்சா? இனி ஒறங்கு. செல்வன் அங்க படியில நிக்கியானா? அவனுக்கும் கொஞ்சம் கப்பலண்டி வாங்கிக் குடு."

செல்வன் என்பது என் கணவர். அவர் மறுபடியும் சுவரைப் பார்த்தார். எங்கள் வீட்டுச் சுவரில் தடுப்பூசிப் படம் இல்லை.

"மக்களே பினு, குச்சி எரிஞ்சிட்டு இருக்கு. பாட்டாக்க கை சுடும் முன்ன நீ அங்க இருந்து ஊதி அணை பாப்பம். நல்லா இழுத்து ஊதணும், கேட்டியா."

பினு ஒலிபெருக்கிக்கு முன்னால் முட்டி போட்டான். மூச்சை இழுத்தான். நான் அவன் முதுகில் கை வைத்திருந்தேன். உள்ளே போகிற காற்று முழுவதும் என் கையில் பட்டது. விசில் இல்லை. எங்கும் தங்காமல் போயிற்று. பிறகு ஊதினான். கேசட்டின் மேல் இருந்த தூசி பறந்தது.

டேப்பில் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. தூரத்தில் பிள்ளையின் குரல் தென்னையைத் திட்டியது.

"அணஞ்சு போச்சு" என்றார் மாமா.

பினு என்னைத் திரும்பிப் பார்த்தான். "இன்னொரு குச்சி" என்றான்.

நான் நாடாவைப் பின்னால் ஓட்டினேன்.